ஆடியில் பிரிக்காத கேமரா

1

போன வாரம் இங்கே பெர்த்தில் ஒரு சீமந்தத்துக்குப் போயிருந்தேன். சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற புதுப்பெண் ஒருத்தி, கல்யாணமாகி வந்து ஒரு வருடம்கூட ஆகாதவள், திரும்பி என்னிடம் கேட்டாள். "அக்கா, ஊருக்குப் போறேன். அண்ணன் ஒரு கேமரா கேக்குறான். நீங்க உங்க தம்பிக்கு வாங்கிட்டுப் போனீங்களாமே, எந்த பாடி நல்லா இருக்கும்? லென்ஸெல்லாம் அவன்கிட்டயே இருக்கு."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "ஒண்ணும் வாங்காதம்மா, வெறுங்கையா போயிட்டு வா" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, பாயசத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிப்போனது. வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. அவளுக்குச் சொல்லாததை ஊரில் இருக்கிற உங்களுக்காவது எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். வெளிநாட்டுக்காரர்களிடம் சாமான் சொல்லி அனுப்புகிறவர்கள் நீங்கள்தானே.

நான் திண்டிவனத்துக்காரி. பெயர் தனலட்சுமி. இங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. வந்த புதிதில் ஒரு பெரியவரின் அறையில் விளக்கை அணைக்கட்டுமா என்று கேட்பதற்குப் பதிலாக விளக்கை மூடட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடி வந்துவிட்டாள். அன்றிலிருந்து எதற்கெடுத்தாலும் சாரி சொல்லிப் பழகிவிட்டேன். பஸ்ஸில் என் காலை மிதித்தவனிடமும் நான்தான் சாரி சொல்கிறேன். சென்னை விமான நிலையத்தில் இறங்கியதும் இந்தச் சாரியெல்லாம் காற்றில் போய்விடும். அங்கே நான் வேறு ஆள். அங்கே நான் கொடுக்கிறவள்.

2

என் தம்பி ஏழுமலை விழுப்புரத்தில் ஒரு ஸ்டூடியோவில் வெகுகாலம் கேமராமேனாக இருந்தான். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் அவன்தான் எடுப்பான். ஆனால் கேமரா முதலாளியுடையது, ஆல்பத்தின் அட்டையில் அச்சாகிற பெயரும் முதலாளியுடையது. முதலாளி தனபால் கெட்டவர் இல்லை, கறாரானவர்.

ஏழுமலையிடம் சொந்தமாக இருந்தது மூன்று லென்ஸ்கள் மட்டும். மற்ற வீடியோக்காரர்கள் புது மாடலுக்கு மாறும்போது கழித்துவிட்டதை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தவை. அகலமாக எடுக்க ஒன்று, தூரத்துக்கு ஒன்று, உள்ளங்கையில் அடங்குகிற 'ஃபிஃப்டி' என்கிற ஐம்பது எம்.எம். ஒன்று. மாட்டுவதற்குச் சொந்தமாக ஒரு பாடி, அதாவது லென்ஸ் நீங்கலான கேமரா, இல்லை. வண்டி இல்லாமல் சக்கரமாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறானே என்று நான் கிண்டல் செய்வேன்.

போன ஆடிக்கு முன்னால் அவன் ஒரு காரியம் செய்தான். கண்டாச்சிபுரத்துப் பக்கம் மல்லாட்டைக் கடலை பயிரிடுகிற ஒரு பெரியவர், தன் இரண்டாவது மகள் கல்யாணத்துக்கு நேராக ஏழுமலையையே கூப்பிட்டுவிட்டார். மூத்த மகள் கல்யாணத்தை எடுத்த ஸ்டூடியோவின் பெயர் அவர் மனதில் நிற்கவில்லை, படம் எடுக்க வந்த இவன்தான் நின்றிருக்கிறான். தம்பி அந்த ஆர்டரை ஒப்புக்கொண்டு தனபாலிடம் சொல்லிக்கொண்டு வேலையை விட்டுவிட்டான். அவன் பெயரில் முதல் கல்யாணம். ஆவணி முதல் முகூர்த்தம். பெருமுக்கல் மலைக்கோயிலில் தாலி கட்டுவதாக அவர்களுக்கு வேண்டுதல். அந்தப் படம் சரியாக விழுந்தால் அந்தச் சுற்றுவட்டாரமே இவனைக் கூப்பிடும். சொதப்பினால் ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள், தனபாலிடமும் திரும்பிப் போக முடியாது.

எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினான். "அக்கா, இந்த பாடிதான் வேணும். பழைய மாடல், கொஞ்சம் வெயிட்டா இருக்கும். செகண்ட் ஹேண்டா கெடச்சாலும் பரவால்ல. என் லென்ஸுக்கு இதான் செட்டாவும்." மாடல் பெயரையும் தனியாக எழுதி அனுப்பியிருந்தான்.

கடையில் அவன் கேட்டது இருந்தது. பிடிக்கிற இடத்தில் ரப்பர் உரிந்து, மூலையெல்லாம் பெயின்ட் போன பாடி. பக்கத்திலேயே ஏறக்குறைய அதே விலைக்கு, புத்தம்புதுசாக, திரையைத் திருப்பிப் பார்க்கிற வசதியோடு, இறகு மாதிரி லேசாக இன்னொன்று. அதே கம்பெனிதான். உரிந்துபோனதையா நான் என் தம்பிக்குக் கொண்டுபோவேன்? "அக்கா ஃபாரின்லேர்ந்து பழசைத் தூக்கிக்கினு வந்தாளாம்" என்று ஊர் பேசாதா? கடைக்காரப் பையனிடம் லென்ஸ் பெயர்களைக் காட்டி, இதில் மாட்டுமா என்று கேட்டேன். தாராளமாக மாட்டும் என்றான். கூடவே வருகிற லென்ஸோடு சேர்த்து எடுத்துக்கொண்டால் கொஞ்சம்தான் அதிகம் என்றான். தம்பியிடம்தான் மூன்று இருக்கிறதே, எதற்கு வீண் செலவு? பாடி மட்டும் போதும் என்று பரிசுத்தாள் சுற்றித் தரச் சொன்னேன்.

"வாங்கிட்டேன்டா, நீ கேட்டதைவிட சூப்பரு" என்று மட்டும் அவனிடம் சொன்னேன்.

3

நான் போய் இறங்கியது ஆடி நடுவில். சென்னை கஸ்டம்ஸில் ஒரு அதிகாரி பெட்டியைப் பார்த்துவிட்டுப் பிரித்துக் காட்டச் சொன்னார்.

"ஆடி மாசம் சார்" என்றேன். "தம்பியோட மொதல் கேமரா. ஆடியில பிரிச்சா எங்கம்மா என்னை வூட்டுக்குள்ளயே சேர்க்க மாட்டாங்க. ரசீது இருக்குது, பாருங்க."

ரசீதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஸ்கேன் மெஷினில் இன்னொரு தடவை விட்டு, "போம்மா" என்று அனுப்பிவிட்டார். என்ன இருந்தாலும் நம்ம ஊர் ஆள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பெட்டியை வாங்கி, பரிசுத்தாளோடு மஞ்சள் துணியில் சுற்றி, சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். "ஆவணி பொறந்து, நல்ல நேரம் பாத்துதான் தெறக்கணும். அதுவரைக்கும் எவனும் கை வெக்கக் கூடாது." தினமும் காலையில் அதற்கும் சேர்த்து ஒரு பொட்டு. ஏழுமலை பக்கத்தில் வந்து நிற்பான், ஒரு விரலால் துணியைத் தொட்டுப் பார்ப்பான், போய்விடுவான்.

"நான் சொன்ன மாடல்தானக்கா?" என்று ஒரு தடவை கேட்டான்.

"பிரிக்கும்போது பாத்துக்கோ" என்று கண்ணடித்தேன். அவன் சிரித்தான், ஆனால் அரைமனதாகத்தான்.

4

அம்மா குறித்த நல்ல நேரம் கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் வந்தது. கற்பூரம் காட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, துணியை அவிழ்த்து, தாளைக் கிழித்தான். பெட்டி மேல் இருந்த பெயரைப் படித்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"எப்படி?" என்றேன்.

அவன் பெட்டியைத் திறந்தான். பாடியை எடுத்தான். ஃபிஃப்டி லென்ஸை வைத்துத் திருகினான். க்ளிக் என்று உட்கார்ந்தது. எனக்கு நிம்மதி, கடைக்காரன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். ஏழுமலை அம்மாவை நோக்கிக் கேமராவைத் தூக்கிப் பட்டனைப் பாதி அழுத்தினான். லென்ஸ் திரும்பவே இல்லை, ஃபோகஸ் விழவில்லை. அடுத்த லென்ஸ். அதற்கடுத்த லென்ஸ். மூன்றும் மாட்டின, மூன்றும் அசையவில்லை.

"இந்த லென்ஸுக்குள்ள மோட்டார் கெடயாதுக்கா" என்றான், குரலை உயர்த்தாமல். "பாடிக்குள்ள இருக்கற மோட்டார்தான் லென்ஸைத் திருப்பி ஃபோகஸ் பண்ணும். இதுல மோட்டார் இல்ல. லேசா இருக்கட்டும்னு எடுத்துட்டாங்க. அதான் அந்தப் பழசைக் கேட்டேன்."

"கையால திருப்ப முடியாதா?"

"திருப்பலாம். தாலி கட்டறவன் இரு, ஃபோகஸ் பண்ணிக்கினு வர்றேன்னா நிப்பானா? திருப்பிக் கட்டச் சொல்ல முடியுமா?"

அம்மா கற்பூரத் தட்டோடு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.  ஆடியைத் திட்டினேன், கடைக்காரனைத் திட்டினேன், கேமரா கம்பெனியைத் திட்டினேன். ஏழுமலை யாரையும் திட்டவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

அந்த நேரம் பார்த்து பெர்த்திலிருந்து என் மகள் யாழினி கூப்பிட்டாள். பதினைந்து வயது, பரீட்சை என்று என்னோடு வர மறுத்தவள். நான் தமிழில் புலம்ப, அவள் வழக்கம்போல் ஆங்கிலத்தில் கேட்டாள். மாமா எந்த மாடல் வேண்டும் என்று எழுதி அனுப்பினாரா? அனுப்பினார். அப்புறம் ஏன் வேறொன்றை வாங்கினாய்?

இது நல்லது என்பதால் வாங்கினேன் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. கேட்டதைவிட ஒரு படி மேலாகக் கொடுப்பதுதான் பாசம் என்று நான் வளர்ந்தேன். கேட்டதை விட்டு வேறெதைக் கொடுத்தாலும் அது கொடுத்ததே ஆகாது என்று அவள் வளர்ந்திருக்கிறாள். திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டு போனை வைத்துவிட்டேன்.

5

"கெளம்பு, ஜல்தி" என்றேன். "வெழுப்புரத்துல எதனா ஒண்ணு கெடைக்கும்."

அவன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். மோட்டார் வைத்த லென்ஸ் ஒன்று கிடைத்தால் போதும். போட்டோ சாமான் விற்கிற கடையில் கையை விரித்துவிட்டார்கள். சென்னையிலிருந்து வரவழைத்துத் தரலாம், ஆனால் நாளை சாயங்காலம்தான் ஆகும். வாடகைக்குக் கேமரா? கடைக்காரர் சிரித்தே விட்டார். ஆடி முடிந்து முதல் முகூர்த்தம், மாவட்டம் முழுக்கக் கல்யாணம், ஒரு கேமரா சும்மா கிடக்குமா?

மிச்சம் இருந்தது ஒரே ஒரு கதவு. தனபால் ஸ்டூடியோ. ஏழுமலை தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டான். நான்தான் அவனை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

தனபால் பேட்டரிகளை வரிசையாகச் சார்ஜில் போட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"ஒண்ணு இருக்குதும்மா. எனக்குன்னு வச்சிக்கினு இருந்தேன்" என்றார். "எடுத்துக்கினு போவட்டும். ஆனா ஆல்பம் நம்ம ஸ்டூடியோ பேர்லதான் போவணும். என் கேமரால எடுத்துட்டு இன்னொரு பேரைப் போட்டா நாளைக்கு நான் எப்படிக் கடை நடத்தறது?"

"அதுக்கென்னண்ணே, தாராளமா போட்டுக்கங்க" என்றேன் நான். "பேர்ல இன்னா இருக்குது? வேலை முடிஞ்சா சரி."

ஏழுமலை என் பக்கம் திரும்பினான். அவன் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. பிறகு தனபாலிடம், "வேணாம்ணே. குடுக்கறேன்னதுக்கு ரொம்ப தேங்க்ஸ். வர்றேன்" என்று கும்பிட்டுவிட்டு வெளியே போய்விட்டான்.

நான் பின்னாலேயே ஓடினேன். "உனக்குப் பைத்தியமா? ஏன்டா பேஜாரு பண்றே? ஒரே ஒரு ஆல்பம்டா!"

"அக்கா, வண்டியில ஏறு."

 திண்டிவனத்துக்குத் திரும்பும் வழியில் டோல்கேட் தாண்டும்போது எனக்கு அழுகை அழுகையாக வந்தது. அவனுடைய ரோஷத்தின் மேல் கோபம், என் மேல் கோபம். எதன்மேல் அதிகம் என்று சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவை டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார வைத்து, கையால் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிப் பழக ஆரம்பித்தான். கேமராவுக்குள் கண்ணை வைத்துப் பார்த்தால் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி. ஃபோகஸ் சரியாக விழுந்தால் மட்டும் அது எரியும். "தலைய இப்படித் திருப்பும்மா. குனி. இப்போ நிமிரு." அம்மா மணமகளாகக் குனிந்து குனிந்து நிமிர்ந்தாள். "கழுத்து போச்சுடா டேய்" என்று சலித்துக்கொண்டாலும் எழுந்திருக்கவில்லை. நான் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நிறைய படங்கள் மங்கலாகத்தான் வந்தன.

6

விடிகிற நேரத்தில் பெருமுக்கல் அடிவாரம். மாப்பிள்ளை வீட்டு வேன் வந்துவிட்டது. படியேறும் முன் ஏழுமலை என்னை ஓரமாகக் கூப்பிட்டான்.

"அக்கா, நீ மேல வா. ஆனா ஒண்ணும் பண்ணக் கூடாது. யாருக்கும் ஒண்ணும் சொல்லக் கூடாது. நான் காட்டற எடத்துல நில்லு, அவ்ளோதான்."

"சரிடா" என்றேன். வாயை மூடிக்கொண்டு நிற்பது எனக்கு எவ்வளவு பெரிய வேலை என்று அவனுக்குத் தெரியும்.

மேலே கல்மண்டபம் இருட்டாக இருந்தது. ஒரே ஒரு டியூப்லைட், அதுவும் ஒரு மூலையில். வெளிச்சம் போதாத இடத்தில் அகல லென்ஸ் உதவாது. தூரத்து லென்ஸுக்குப் பின்னால் நகர இடம் இல்லை. இரண்டையும் பைக்குள் போட்டு மூடிவிட்டு ஃபிஃப்டியை மாட்டினான். மூன்றில் அதுதான் விலை குறைந்தது, ஆனால் கொஞ்ச வெளிச்சத்திலும் படம் பிடிக்கிறது அதுதான். ஒரு தூணில் முதுகைச் சாய்த்து, மணை போட்ட இடத்தைப் பார்த்து வளையத்தைத் திருப்பி வைத்துக்கொண்டான். என்னை எதிர்த் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தினான்.

மணமக்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஐயர் மந்திரம் சொன்னார். தாலி தட்டோடு சுற்றி வந்தது, ஒவ்வொருத்தராகத் தொட்டுக் கும்பிட்டார்கள்.  "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று ஒரு குரல் எழுந்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தான்.

சரியாக அப்போது மாப்பிள்ளையின் மாமா, பட்டு வேட்டிக்காரர், போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேமராவுக்கு நேர் முன்னால் வந்து நின்றார். அவர் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தார். தோளைப் பிடித்து ஒரு இழு இழுத்தால் போதும். 'யோவ், தள்ளுய்யா' என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. என் கை தானாக மேலே எழுந்தது. கூட்டத்துக்கு நடுவே ஏழுமலை என்னைப் பார்த்தான். தலையை மட்டும் ஆட்டினான், வேண்டாம் என்று.

கையை இறக்கினேன். எப்படி இறக்கினேன் என்று தெரியவில்லை. அவன் வாழ்க்கையே போகிறது, நான் சும்மா நிற்கிறேன்.

ஏழுமலை மண்டி போட்டான். அந்த மாமாவின் அக்குளுக்குக் கீழே, தரையோடு தரையாகப் புகுந்தான். முழங்கை கல்லில் ஊன்றியிருந்தது. அவன் போட்டு வைத்த கணக்கெல்லாம் அந்த நகர்வில் போய்விட்டது, தூரம் மாறிவிட்டது. இடது கை விரல்கள் வளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவது எனக்குத் தெரிந்தது. மேளம் காதைப் பிளந்தது. அட்சதை அவன் தலைமேல், கேமரா மேல் எல்லாம் விழுந்தது. மாப்பிள்ளையின் விரல்கள் பெண்ணின் பின்கழுத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன. க்ளிக். க்ளிக். க்ளிக். அவ்வளவுதான். முடிந்துவிட்டது.

அவன் எழுந்து தூணுக்குப் பின்னால் வந்து திரையைப் பார்த்தான். நானும் போய் நின்றேன். முதல் படத்தில் அந்த மாமாவின் கைக்கடிகாரம் பளிச்சென்று இருந்தது, மணமக்கள் புகை மாதிரி இருந்தார்கள். இரண்டாவதும் மங்கல்.  மூன்றாவதைப் பெரிதாக்கினான். மஞ்சள் கயிற்றின் முறுக்கு, மாப்பிள்ளையின் நகம், பெண்ணின் இமையில் ஒட்டிய ஒற்றை அரிசி எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. "முருகா" என்று மட்டும் சொன்னான்.

பெண்ணின் அப்பா வந்து குனிந்து பார்த்தார்.  துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தம்பி, ஆல்பத்துல இன்னா பேரு போடுவீங்க?"

"ஏழுமலைன்னு போடறேங்க" என்றான்.

7

கீழே கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. படியிறங்கும்போது எனக்குத் தலைகால் புரியவில்லை. பயம் போன இடத்தில் சந்தோஷம் வந்து, சந்தோஷத்தோடு என் பழைய வாயும் வந்துவிட்டது.

"டேய், கவலையே படாத. போன ஒடனே மோட்டார் வச்ச லென்ஸா நல்லதா பாத்து வாங்கி அனுப்பறேன். ஒண்ணு இல்ல, ரெண்டு."

"வேணாம்கா."

"ஏன்டா வேணாம்?"

"இந்த பாடியையும் எடுத்துக்கினு போ. இன்னைக்கு வர்ற பணத்துல நான் சொன்ன பழைய பாடியை நானே இங்க எங்கயாவது பாத்து வாங்கிக்கறேன்."

பொசுக்கென்று போய்விட்டது எனக்கு. "நான் குடுத்தா உனக்குக் கசக்குதா?"

அவன் நின்றான். அவன் கண்ணில் கோபம் இல்லை, நேற்றிலிருந்து தூங்காத களைப்புதான். "கசக்கலக்கா. நான் எது வேணும்னு எழுதிக்கூட அனுப்பினேன். எனக்கு எது நல்லதுன்னு நீ முடிவு பண்ணிட்டே. நேத்து என் பேரு போவட்டும்னும் நீயே முடிவு பண்ணே. தனபால் அண்ணன்கிட்ட இருந்ததுக்கும் இதுக்கும் இன்னா வித்தியாசம், சொல்லு."

 ஆத்திரமாக வந்தது, வெட்கமாகவும் இருந்தது. அவன் முன்னால் இறங்க, நான் பின்னால் இறங்கினேன். அடிவாரத்து டீக்கடையில் அவன் பையை பெஞ்சில் வைத்தான்.

"டீயா, காபியா?" என்றான்.

"நீ குடிக்கறதையே எனக்கும் சொல்லு."

"நான் குடிக்கறது எனக்குக்கா. உனக்கு இன்னா வேணும்?"

வாயைத் திறந்தேன். எத்தனையோ தடவை ஊருக்கு வந்திருக்கிறேன். எனக்கு என்ன கொண்டுவந்தாய் என்று கேட்டிருக்கிறார்கள், அடுத்த தடவை இது வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். உனக்கு என்ன வேண்டும் என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லை, நானும் கேட்க விட்டதில்லை. டீக்கடைக்காரர் வடிகட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. நடுத்தெருவில் பொலபொலவென்று அழ ஆரம்பித்துவிட்டேன். ஏழுமலை எனக்காக எதையும் சொல்லவில்லை. நான் சொல்லட்டும் என்று நின்றுகொண்டிருந்தான்.